மாட வீதி பதினேழு

மயிலாப்பூர், சென்னை-4
18-4-1996

அன்பு மகள் ஸ்வர்ணலதாவுக்கு உன் சித்தப்பா வெள்ளைத்துரை எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் சுகம் என்று முதல் வரியில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் அது பொய். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அது மட்டும் மெய். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது, இரண்டாம் தரம் அதைவிடக் கோபம் வந்தது, மூன்றாம் தரம் உன் சித்தி கடிதத்தைப் பிடுங்கி அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள். "பதில் எழுதுறதா இருந்தா சாப்பிட்டுட்டு எழுதுங்க, வெறும் வயித்துல எழுதினா பிள்ளைய வெட்டிப்புடுவீங்க" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கோபம் குறையவில்லை.

நான் ஆறாம் கிளாஸோடு நின்றவன், நீ பி.காம். படித்து ஆபீசில் கணக்குப் பார்க்கிறவள், அதெல்லாம் சரி. ஆனால் அன்றைக்கு நீ போனில் பிள்ளையிடம் என்ன சொன்னாய் என்பதை இந்த ஆறாம் கிளாஸ் மூளையால் இன்னும் தாங்க முடியவில்லை. "இனிமே நீ பாட்டே பாடக் கூடாது, பாடினா அம்மா வரவே மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாய், பிறகு பிள்ளை சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நாலு வயசுப் பிள்ளை. அது ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ம் ம் என்று தலையை ஆட்டியது. நான் பக்கத்தில்தான் நின்றேன், ஏதோ முத்தம் கொடுக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றோடு சரி. இன்றைக்குப் பதினோரு நாள். மாளவிகா வாயைத் திறந்து ஒரு பாட்டுப் பாடவில்லை, முணுமுணுக்கக்கூட இல்லை. உனக்குச் சந்தோஷம்தானே.

பாட்டால் பிள்ளை கெட்டுப்போகிறது, படிப்பு ஏறாது, அதனால் ஜூன் மாசம் தூத்துக்குடிக்கு மாமியார் வீட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பாட்டால் என்ன கெட்டது என்று நான் சொல்கிறேன், கேள். நீ விட்டுவிட்டுப் போன ஆவணி மாசம் அதற்கு ஒன்று, இரண்டு தெரியாது. நம் டி.நகர் பாத்திரக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன டம்ளரிலிருந்து பெரிய அண்டா வரைக்கும் பத்துப் பாத்திரத்தை வரிசையாக வைத்து ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் எண். மூன்றே நாளில் பத்து வரைக்கும் போனது, பத்தாம் நாள் பின்னாலிருந்து முன்னால் வந்தது. கண்ணைக் கட்டிவிட்டு எந்தப் பாத்திரத்தைத் தட்டினாலும் இது ஏழு, இது நாலு என்று சொல்லும். வியாபாரத்தை விட்டுவிட்டுக் கடைத்தெருவே வந்து நின்று பார்த்தது, ஐந்நூறு பேர் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் உன் சித்தி எட்டுப் பேர் என்று எழுதச் சொல்கிறாள். எட்டுப் பேரோ ஐந்நூறு பேரோ, நின்றார்களா இல்லையா.

வாரத்தின் நாள் ஏழும் அதற்குத் தோசை வார்க்கும் பாட்டில் வரும். இடது கை வலது கை செருப்புப் போடும் பாட்டில் வரும். உன் சித்தியின் குளிக்கிற பாட்டு உனக்கு மறந்திருக்காது, உன் தலையிலும் அதைப் பாடித்தானே தண்ணீர் ஊற்றினாள். சித்தி "யார் காலு யார் காலு" என்று கேட்க வேண்டும், பிள்ளை "என் காலு என் காலு" என்று சொல்ல வேண்டும், அப்புறம் யார் கையி, யார் முதுகு, யார் காது. அதில்தான் உடம்பில் இருக்கிற அத்தனை பேரும் அதற்குத் தெரிந்தது. நானும் உன் சித்தியும் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தால் நடுவில் நின்று "தாத்தாவுக்குக் காபி வேணுமாம், காபி வேணுமாம்" என்று ராகம் இழுக்கும். சிரித்துவிடுவோம். நீ போன பிறகு இந்த வீடு வீடாக இருந்தது என்றால் அதனால்தான். இப்போது சண்டை போட்டால் சண்டை அப்படியே கிடக்கிறது.

சரி, அறுபத்து மூவர் திருவிழா அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். மாடி வீட்டு நீரஜா, பாட்டு டீச்சர், அவள் தம்பி மஸ்கட்டில் இருக்கிறான் என்பதற்காக உடனே உனக்குச் சேதி அனுப்பிவிட்டாள். கேட்டால் "மாமா, நான் நல்லதுக்குத்தான் சொன்னேன், நீங்க பாட்டுப் பாடியே கொழந்தையைத் தொலைச்சுட்டேள், தாயாருக்குத் தெரியாண்டாமா" என்கிறாள். அவள் சொன்னது ஒரு பக்கம். அன்று சாயங்காலம் நான் உன்னிடம் போனில் சொன்னது இன்னொரு பக்கம். பத்து நிமிஷம்தான் காணோம், இன்ஸ்பெக்டர் எனக்கு வேண்டியவர், ஒரு வார்த்தை சொன்னேன், இருபது போலீஸ் ஓடியது, நானே தூக்கிக்கொண்டு வந்தேன் என்று சொன்னேன் அல்லவா. அதில் ஒரு சொல்கூட நிஜமில்லை. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், முப்பது வருஷமாக என்னைப் பார்க்கிறாய்.

மத்தியானம் மூன்று மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. கபாலீஸ்வரர் பல்லக்கு திரும்பும்போது ஒரு தள்ளு. குனிந்து பார்த்தால் கையில் பிள்ளை இல்லை. லஸ் முனையில் பூட்டு சாவி ரிப்பேர் செய்கிற மெஹபூப் பாஷா அழுகிற பிள்ளையைப் பார்த்துத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். நம் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, சொல்லிக்கொடுத்த மாதிரியே கணீரென்று பாடியிருக்கிறது. "மாட வீதி பதினேழு, மாளு வீடு பதினேழு, ஆனை கட்டின வாசலு, அங்கே கேளு சொல்லுவாங்க." ஒரு வார்த்தை தப்பவில்லை. அந்த மனுஷர் கிழக்கு மாட வீதியில் பதினேழுக்குப் போனார், இல்லை என்றார்கள். தெற்கு மாட வீதிக்குப் போனார், பிறகு மேற்கு, பிறகு வடக்கு. நாலு வீதியிலும் பல்லக்கு, பந்தல், நீர்மோர், அன்னதானம், தோளில் பிள்ளை. போகிற இடமெல்லாம் பிள்ளை பாடியிருக்கிறது. பிற்பாடு என்னிடம் கேட்டார், "இன்னா நைனா, ஆன கட்ன ஊடு எங்க கீதுன்னு ஊரெல்லாம் கேட்டுக்கினு சுத்துறேன், அல்லாரும் என்னை லூசுன்னு பாக்குறான், உன் ஊட்ல மெய்யாலுமே ஆன கீதா?"

நம் வீட்டில் ஆனை இல்லை. நம் வீடு மாட வீதியிலும் இல்லை, நாகலிங்கச் சந்தில் இருக்கிறது, கதவு எண் ஏழு. உனக்குத் தெரியாததா. நீ ஐந்து வயதில், அண்ணன் இறந்த வருஷம் இந்த வீட்டுக்கு வந்தாய். எங்கேயும் தொலைந்துவிடக் கூடாது என்று உனக்காகக் கட்டிய பாட்டு அது, மாளு வீடு இருக்கிற இடத்தில் அப்போது லதா வீடு. சந்து என்று பாட எனக்கு மனசு வரவில்லை, மாட வீதி என்றால் ஒரு கம்பீரம். ஏழு என்று பாடினால் தாளம் நொண்டியது, பதினேழு என்றால் ஜம்மென்று உட்கார்ந்தது. ஆனை சும்மா அழகுக்கு. நீ தொலையவே இல்லை, அதனால் அந்தப் பாட்டை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து உன் பிள்ளை சோதித்துப் பார்த்தது.

மூன்று மணி நேரம். நான் போலீசிடம் போகவில்லை, போக முடியவில்லை. குளத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டேன். உன் சித்திதான் வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். குளத்துப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தல் பெஞ்சில் ஏறி நின்றாள். அடுக்களையைத் தாண்டி அவள் குரல் கேட்டவர்கள் இந்த மயிலாப்பூரில் யாரும் கிடையாது. அந்தக் கூட்டத்தில், அந்த நாதஸ்வரத்தில், தவில் சத்தத்தில், அவள் தொண்டை கிழியப் பாடினாள், "யார் காலு யார் காலு" என்று. ஜனம் திரும்பிப் பார்த்தது, சிலர் சிரித்தார்கள், இவள் நிறுத்தவில்லை. யார் கையி, யார் கையி. தெற்கு மாட வீதி பக்கம் போனாள், பெஞ்ச் இல்லாத இடத்தில் ஒரு மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஏறினாள். யார் காது யார் காது. வடக்கு மாட வீதி திரும்புகிற இடத்தில், ஜனத்தின் தலைகளுக்கு மேலே எங்கிருந்தோ, "என் காது என் காது" என்று பதில் வந்தது, லதா. நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சித்தியிடம் படித்துக் காட்டினேன், மாட்டு வண்டி இல்லை கைவண்டி என்றாள், மற்றபடி சரி என்றாள்.

ஆகவே தொலைந்ததும் பாட்டால்தான், கிடைத்ததும் பாட்டால்தான். எந்தப் பாட்டில் பொய் இருந்ததோ அது பிள்ளையை நாலு வீதியும் அலைய வைத்தது, பொய் இல்லாத பாட்டு கூட்டிக்கொண்டு வந்தது. திட்ட வேண்டியது என்னை. போனில் என்னைக் கூப்பிட்டுக் கிழவா, புளுகா என்று திட்டியிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். பிள்ளையின் வாயை எதற்கு அடைத்தாய்? அது என்ன குற்றம் செய்தது? சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடி பாடியது. அதற்குத் தண்டனை அம்மா வரமாட்டாள் என்பதா? உன்னை வளர்த்த வீட்டில் உன்னிடம் யாராவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், அப்படிச் சொன்னதுண்டா? அப்பா செத்து வந்த பிள்ளை நீ. உனக்குத் தெரிய வேண்டாமா அந்த வார்த்தை நாலு வயசில் எப்படி இறங்கும் என்று?

இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன், படித்துக்கொள். நர்சரி ஸ்கூல் மிஸ் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லை என்கிறாள். எண்ணத் தெரியும், பாட்டில்தான் தெரியும், பாட்டை எடுத்துவிட்டால் அதன் கையில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாத்திரத்தை அடுக்கிவைத்து நானே ஒரு டம்ளரைத் தட்டினேன். ஓடி வந்து இரண்டு கையாலும் டம்ளரைப் பொத்திப் பிடித்துக்கொண்டது, சத்தம் நிற்கிற வரைக்கும் விடவில்லை. "அம்மாவுக்குக் கேட்டுரும் தாத்தா" என்றது. நேற்றுக் காலை குளிப்பாட்டும்போது உன் சித்தி மறந்துபோய் யார் காலு என்று கேட்டுவிட்டாள். பிள்ளை தன் காலைப் பார்த்தது, சித்தியைப் பார்த்தது, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றது. உன் சித்தி சொம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். மிச்சத் தண்ணீரை நான்தான் ஊற்றினேன்.

தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டும் என்றால் அனுப்பு, நீ பெற்றவள். நான் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் வந்து ஏற்றிவிடுவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அந்த வாயைத் திறந்துவிட்டு அனுப்பு. அது என்னால் முடியாது, சித்தியால் முடியாது, நீரஜாவின் தம்பூராவால் முடியாது. பூட்டினவளிடம்தான் சாவி இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் செய். நலம் விசாரிக்க வேண்டாம், ஏபிசிடி கேட்க வேண்டாம், சாரி கீரி என்று இங்கிலீஷ் பேச வேண்டாம். பிள்ளை ஹலோ என்றதும் "யார் காலு யார் காலு" என்று பாடு. உனக்குக் குரல் இல்லை என்பது எனக்குத் தெரியும், மயிலாப்பூருக்கே தெரியும், பரவாயில்லை, பாடு. பதில் வருகிற வரைக்கும் போனை வைக்காதே.

மெஹபூப் பாஷா நம் வீட்டுக்கு வந்து பழைய திண்டுக்கல் பூட்டைச் சரி செய்து கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளை அவரைக் கண்டதும் தோளைக் காட்டிச் சிரித்தது, பாடவில்லை. "இன்னா பாப்பா, கச்சேரி இல்லியா இன்னிக்கு" என்று கேட்டுவிட்டு, பதில் இல்லாமல் போனதும் அவரும் முகம் வாடித்தான் போனார். மாப்பிள்ளையை வெயிலில் தொப்பி இல்லாமல் சைட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல். நீயும் மதியம் சாப்பிடாமல் இருக்காதே, உன் எழுத்து இளைத்திருக்கிறது. கற்பகாம்பாள் உங்கள் இருவரையும் காக்கட்டும், தீர்க்காயுசாக இருங்கள்.

ஒன்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். புதுப் பாட்டுக் கட்டிவிட்டேன், "நாகலிங்கச் சந்து ஏழு", ஏழுக்கு அப்புறம் தாளம் நொண்டுகிற இடத்தில் இரண்டு கைத்தட்டு. ஆனை கிடையாது. நீ போன் செய்ததும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பேன், உனக்கும் சேர்த்துத்தான். ஏனென்றால் உன் கடிதக் கவரை எடுத்துப் பார்த்தேன், அதற்கு முன்னால் வந்த கவர்களையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 17, நாகலிங்கச் சந்து என்றுதான் எழுதியிருக்கிறாய். இந்தச் சந்தில் மொத்தம் பன்னிரண்டே வீடு. தபால்காரர் சந்திரமௌலி உன் எழுத்தைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுக்கிறார், இத்தனை நாளாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பி.காம். படித்தவளுக்கு வீட்டு நம்பர் தெரியாமல் இல்லை. பேனா எடுத்தால் உன் கை பாட்டைத்தான் எழுதுகிறது. அடுத்த கவரில் ஏழு என்று எழுது.

இப்படிக்கு,
ஏழாம் நம்பர் வீட்டிலிருந்து,
உன் சித்தப்பா
செ. வெள்ளைத்துரை