அந்த ஷெட்டுப் பைப்பு வேண்டாம்

நான் கம்பெனி வண்டிக்குக் கிளம்பிட்டேன். குழம்பு அடுப்பில் இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

டிராக்டர் கூரைக்குச் சட்டம் அடிக்க நீங்க பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்த பைப்பு, என் தங்கச்சி சினேகா வெடிவிபத்தில் செத்த பட்டாசு ஷெட்டோடது. தூக்குவாளி மாட்ட அவள் முறுக்கிக் கட்டின கம்பி இன்னும் அதில் இருக்கு. காட்டினால், “பெயிண்ட் அடிச்சா எந்த இரும்பா இருந்தா என்னடி” என்கிறீங்க. தீயில் வெந்த இரும்பு வலு இழந்திருக்கும். வெல்டிங் சாபிர் அண்ணன் வந்தால் அவரையே கேளுங்க. புதுப் பைப்புக்கு வழியில்லை என்றால் மூங்கில் கட்டுங்க. அதுவும் முடியாதென்றால் வெயிலில் ஓட்டுங்க.

முருகம்மாள்

இன்னொன்று: அந்தப் பைப்பிலேயே கூரை போட்டால், லீவு நாளில் உங்களுக்குக் கொண்டுவரும் சோற்றை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்த நிழலில் நான் உட்கார மாட்டேன்.