எஃப் துளைக் கிற்றார்

இணுவில்
04.02.2025

அன்புள்ள வின்சன்றுக்கு,

நீரும் மனைவி லூர்த்தம்மாவும் சுகமென்று நம்புகிறேன். நேரில் கேட்க வாய் வராததால் எழுதுகிறேன்.

கழுத்து விலகியதென்று உம்மிடம் திருத்தத் தந்த கிற்றார் நேற்று வந்து சேர்ந்தது. அது என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது. வளைந்த முன்பலகை, தேன் நிறம், நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக இரு பக்கமும் எஃப் வடிவத் துளைகள். எல்லாம் சரி. முன்பே துளைகளைத் தாளில் படியெடுத்து வைத்திருந்தேன், வைத்துப் பார்த்தேன். மயிரிழையும் பிசகவில்லை. இவ்வளவு பொருந்துவதும் சந்தேகத்தைத்தான் கூட்டுகிறது. ஏனென்றால் மெல்லிய தந்திகள் இரண்டும் ஊமையாகிவிட்டன.

பழைய முன்பலகையைக் கழற்றிவிட்டு, அதேபோல் இன்னொன்று போட்டீரோ? இல்லையென்றால் மன்னியும். ஓமென்றால் பழையதைத் திருப்பித் தாரும்.

தப்பாக நினைக்கிறேனோ என்ற பயத்துடன்,
எட்வேர்ட்


குருநகர்
08.02.2025

எட்வேர்ட் மாஸ்ரருக்கு,

உங்கடை முன்பலகையைக் களவெடுத்து நான் என்ன, வள்ளத்துக்கே அடிக்கிறது?

நேற்று உங்கடை பாடகர் குழு லெனாட் வந்து, திருத்தத் தந்த சேர்ச் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போயிட்டார். “மாஸ்ரர் எல்லாம் சொன்னவர்” எண்டார். நாப்பது வருசமா வள்ளம் கட்டுறன். ஒருத்தரும் என்னைக் கள்ளன் எண்டதில்லை.

எஃப் துளைச் சத்தம் முன்னுக்கு இருக்கிற ஆளுக்குத்தான் நல்லாப் போகும். நான் திருத்தி முடிச்சுத் தட்டேக்கை, லூர்த்தம்மா குசினியிலை நிண்டே உந்த மெல்லிய தந்தியைக் கேட்டவ. காதுக்குப் பின்னாலை இருக்கிற எலும்பைக் கிற்றார்ப் பலகையிலை அழுத்திக்கொண்டு தட்டிப் பாருங்கோ. வள்ளத்திலை பலகை உக்கினதை நான் அப்பிடித்தான் கண்டுபிடிக்கிறனான். பிறகு காது டொக்டரிட்டைப் போங்கோ.

வின்சன்ற்


இணுவில்
12.02.2025

அன்புள்ள வின்சன்றுக்கு,

நீர் சொன்னபடி எலும்பை அழுத்தித் தட்டினேன். மெல்லிய தந்தி ஊசிபோல் உள்ளே ஏறியது. தலையை எடுத்தேன், ஒன்றுமில்லை. ஐந்து முறை செய்து பார்த்தேன். ஐந்து முறையும் அது என்னுடைய கிற்றார்தான். தந்தி கேட்கிறதா என்று மருமகள் நிரோஜாவிடம் கேட்டேன். “கேற்றடி வரைக்கும் கேக்குது மாமா” என்றாள். அதையும் அவள் மூன்றாம் தரம் சொன்னபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

லெனாட்டிடம் தனியே திருத்திச் சொன்னால் போதாது. அவன் வழியாக என் சந்தேகம் பலருக்குப் போய்விட்டது. ஞாயிறு ஆராதனையில், அறிவித்தல் நேரத்தில் எழுந்து நின்று, உம்மைப்பற்றி நான் சொன்னது பிழையென்று சொல்லப்போகிறேன். சபையில் நான் ஒருநாளும் எழுந்து பேசியவனல்லன். என் குரல் எவ்வளவு உயர்கிறதென்றும் இப்போது எனக்குத் தெரிவதில்லை.

நீர் வேறு சபை. வரச் சொல்ல எனக்கு உரிமையுமில்லை. வந்தால் கடைசி வரிசை வாங்கில் இரும். கேட்காவிட்டால் கையை உயர்த்தும். திரும்பவும் சொல்கிறேன்.

எட்வேர்ட்