ஏழாம் எண் சில்கோசா

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் கடும் பனி. குல்லாய் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். வேலை: மூன்று போன்சாய்த் தொட்டிகளிலும் கிளைகளில் சுற்றிய கம்பியைத் தளர்த்துவது.

இருந்தவை இரண்டு தொட்டிகள். எண் 2, எண் 5. எண் 7 இல்லை. பலகையில் அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம்.

வியாழன் முதல் நேற்றிரவு வரை நான் ஓசூரில், தொழிற்சாலையின் தரத் தணிக்கை வேலையாக. அந்த இடைவெளியில் நடந்திருக்கிறது. என் மனைவி சுஜாதா காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: அவள் தம்பி கௌதம் எடுத்துப் போனானாம். பெங்களூரில் அவன் வேலை பார்க்கும் ஆபீசில் மேனேஜர் அம்மாளுக்குப் பதவி உயர்வு. பரிசு.

“மூணு கீதே, ஒண்ணு குடுத்தா இன்னா? உங்க பேரத்தான் சொல்லுவாங்க.”

என் பேர். ஏழு வருடம். சில்கோசா, இமயத்தின் வறண்ட பள்ளத்தாக்குப் பைன் மரம். அதன் கொட்டையைப் பாதாம், பிஸ்தாவோடு சேர்த்துத் தின்பவர் உண்டு. விதைத்து, தொட்டியில் குறுக்கி வளர்ப்பவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. வறுக்காத கொட்டையைத் தேடி வாங்கி, ஈர மணலில் புதைத்து, தயிர் டப்பாவில் ஃபிரிட்ஜில் குளிர வைத்து, முளைத்தவற்றில் பாதி வேர் அழுகி, மீதியில் பாதி எங்கள் நந்திதுர்க் வெயிலில் கருகி, நின்றவை மூன்று. அவற்றில் வடிவம் உள்ளது ஒன்றே. அதுதான் போயிருக்கிறது.

சுவரில் என் பலகை அப்படியே இருக்கிறது:

1. தண்ணீர் நான் மட்டுமே ஊற்றுவேன்.
2. தொடக் கூடாது.
3. கிள்ளக் கூடாது.
4. ஐயம் எழுந்தால் விதி 2 காண்க.

கௌதமுக்குப் போன் செய்தேன். “போர்டுல எடுத்துகினு போவக் கூடாதுன்னு இல்லியே மாமா” என்றான். சிரித்தான்.

மாலை. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒரு கிளை கிடந்தது. எண் 7-இன் பலிக்கிளை. தண்டின் அடியில் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் நீள விடுவது முறை. அது ஓட ஓட அடித்தண்டு பருக்கும். போதுமான பருமன் வந்த பிறகு நாம் வெட்டுவோம். நாம். மறுபடியும் போன். “ஒரு பக்கம் அசிங்கமா நீட்டிகினு இருந்துச்சி மாமா, அதான் ட்ரிம் பண்ணேன்.”

வெர்னியர் அளவுகோலில் கிளையின் பருமனை அளந்தேன்: 6.2 மி.மீ. கிளையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மேஜை மேல் இருக்கிறது.

ஜனவரி 6, செவ்வாய்

தொழிற்சாலையில் ஒரு பேரிங்கை இரண்டு முறை தவறாக அளந்தேன். இருபத்தாறு வருடத்தில் இதுவே முதல் தடவை. ஆப்பரேட்டர் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கௌதம் போட்டோ அனுப்பினான். கண்ணாடி அறை. மேஜை. ஏ.சி. துவாரத்துக்கு நேர் கீழே எண் 7. என் கரடு மணல் மேல் யாரோ வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, பீங்கானில் ஒரு குட்டி புத்தரை உட்கார வைத்திருக்கிறார்கள். தொட்டியில் சிவப்பு ரிப்பன். கீழே அவன் எழுதியது: ‘பச்சையாத்தான் கீது மாமா, டென்சன் ஆவாதீங்க.’

இதை எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்வது? பைன் செத்த பிறகும் பச்சையாக இருக்கும். ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும். ரோஜா போலத் தலை தொங்காது. துளசி போல இலை உதிர்க்காது. வேர் காய்ந்து, உள்ளே எல்லாம் முடிந்த பின்னும் ஊசியிலை விறைத்துக்கொண்டு நிற்கும். பழுப்பு தெரியும்போது நாம் பார்ப்பது பழைய செய்தி.

சுஜாதாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப இப்ப உயிரோட கீதா இல்லியான்னு உங்களுக்கே தெரியாதில்ல?” என்றாள். தெரியாது. அதுதான் எரிகிறது.

நாளை மறுநாள் விடுப்பு. போய் எடுத்து வரப்போகிறேன். வேண்டாம் என்கிறாள், அவன் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டிய நேரமாம், மேனேஜர் கையில் இருக்கிறதாம். மரத்துக்கும் அதே நேரம்தான் என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

ஊரிகம் நிலையத்தில் பெங்களூர் காலை ரயில். சீட்டெல்லாம் கைக்குட்டை. ஆளில்லாத இருக்கையில் கைக்குட்டை போட்டால் இருக்கை சொந்தம் என்று எந்த ரயில்வே விதியிலும் இல்லை. சொன்னேன். “நீங்க புதுசா அண்ணே?” என்றார் ஒருவர். நின்றுகொண்டே போனேன். கௌதம் தன் கூட்டத்தோடு அடுத்த பெட்டியில். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. “மாமா, வாணாம். ஒரு மாசம் போவட்டும். நானே எடுத்தாந்து தரேன்.”

ஆபீஸ் வாசலில் பெயர், காரணம் கேட்டார்கள். காரணம்: பைன். காவலாளி வாக்கிடாக்கியில் யாரிடமோ அந்தச் சொல்லை மூன்று முறை சொன்னார்.

மேனேஜர் அம்மாள் தானே வந்தார். மரியாதையான பெண்மணி. ஏ.சி., ஒளி, வடிகால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தயாராக வந்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். உண்மைச் செடியா என்று கன்னடத்தில் கேட்டார். பிளாஸ்டிக் என்று நினைத்திருக்கிறார். ஆறு நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தினமும் கண்ணாடி துடைக்கும் திரவத்தை ஊசியிலை மேல் அடித்துத் துடைத்திருக்கிறார்கள், பளபளப்புக்காக.

மன்னிப்புக் கேட்டு அவரே தொட்டியைத் தூக்கிக் கொடுத்தார். புத்தரை நான் மேஜை மேலேயே வைத்துவிட்டேன். கௌதம் லிஃப்ட் வரை வந்தான். லிஃப்ட் கதவு மூடும்வரை மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலை ரயிலில் நெரிசல். தொட்டியை மார்போடு அணைத்து நின்றேன். ஜன்னலோரம் சீட்டாடிக்கொண்டிருந்த ஆள் கைக்குட்டையைத் தட்டி எடுத்து, “பேஷண்ட்ட இங்க குடுங்க அண்ணே, காத்து வரட்டும்” என்றார். மரம் உட்கார்ந்து வந்தது. நான் பங்காருப்பேட்டை தாண்டியும் நின்றேன். இருக்கை பயணிகளுக்கானது, பொருள்களுக்கானது அல்ல. அதைச் சொல்லவில்லை.

வீட்டில் விளக்கடியில் பார்த்தேன். வெட்டியதுகூடத் தவறு. பலிக்கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்ட வேண்டும். விரல் நீளத்துக்கு ஒரு துண்டை முளைபோல் விட்டு வெட்டியிருக்கிறான், நுனியில் மூன்று கொத்து ஊசியிலை. ஆனால் நலிந்த மரத்தில் இரண்டாம் காயம் கூடாது என்பதும் விதி. அப்படியே விட்டேன். பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்துகிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கௌதம் வரவில்லை. சுஜாதா இலை போட்டு வைத்து, அப்புறம் எடுத்துவிட்டாள். புத்த விகாரைக்குத் தனியாகப் போய் வந்தாள்.

எண் 7: பச்சை.

பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைட் மேட்டிலிருந்து காற்று. எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. மூன்று மரங்களுக்கும் ஊசியிலையில் தண்ணீர் தெளித்தேன். அடுப்படி ஜன்னலிலிருந்து அவள்: “அதும் மூஞ்சிய தெனம் கழுவுறீங்க. என் தம்பி மூஞ்சிய அன்னிக்கி பாத்தீங்களா?”

பார்த்தேன். அதற்காக நான் என்ன செய்ய வேண்டும்? என் மரத்தைக் கேட்காமல் எடுத்தவன் அவன். எடுத்தவனுக்கு முகம் இருக்கிறது, என் ஏழு வருடத்துக்கு முகம் இல்லையா?

வாங்க வேண்டியவை: வெட்டுக்காய மெழுகு, 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி, பல் துலக்கும் பிரஷ் (மென்மையானது).

பிப்ரவரி 12, வியாழன்

இந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட். காலையில் கம்பி வாங்க ராபர்ட்சன்பேட்டை போனேன். பதினோரு மணி. பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு இருக்கையில் கௌதம். கழுத்தில் ஆபீஸ் அட்டை. மடியில் சாப்பாட்டுப் பை, ஜிப் திறக்காமல்.

லீவா என்றேன். ஆமாம் என்றான். பிறகு இல்லை என்றான்.

ஜனவரியோடு வேலை முடிந்துவிட்டது. தினமும் அதே காலை ரயிலில் ஏறி, பங்காருப்பேட்டையில் இறங்கி, அடுத்த வண்டியில் திரும்பி, சாயங்காலம் வரை இங்கே உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவிக்குத் தெரியாது. சுஜாதாவுக்கும் தெரியாது.

நான் மரத்தை எடுத்து வந்ததாலா என்று கேட்டேன். கேட்கும்போது குரல் எனக்கே சரியாக இல்லை.

“இல்ல மாமா. டிசம்பர்லயே நிறுத்தற ஆளுங்க லிஸ்ட் போட்டுட்டாங்க. ஏதாச்சும் குடுத்து பாக்கலாமேன்னுதான் எடுத்துகினு போனேன். நம்ம வூட்ல விலை போற பொருள் வேற இன்னா கீது? அதும் பிளாஸ்டிக்னு நெனச்சிட்டாங்க.”

சிரிக்க முயன்றான்.

அவன் மேல் கோபம். சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் நான் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அந்தக் கேள்வியைக் கிளப்பியதற்காகவும் அவன் மேல் கோபம். வேலை முடிந்தால் அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும், ஏன் ஒப்படைக்கவில்லை என்று கேட்டேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான். “கழட்டிட்டா வூட்ல கேப்பாங்க மாமா. அக்கா கிட்ட சொல்லிடாதீங்க.”

கம்பி வாங்காமல் திரும்பினேன். இப்போது என் வீட்டில் நான் ஒளித்து வைக்க ஒரு விஷயம். வேண்டாத வேலை.

எண் 7: பச்சைதான். ஆனால் மெருகு இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

உச்சியில் பழுப்பு. ஊசிகளின் முனையிலிருந்து உள்நோக்கி. தடவினால் சரசரக்கிறது. உச்சிமொட்டு விரலில் பொடிந்தது. எண் 2-இலும் எண் 5-இலும் மொட்டுகள் பருத்து நிற்கின்றன.

சுஜாதா வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். இந்த ஒரு முறை ஏதாவது சொல்லியிருக்கலாம்.

யாரைத் திட்டுவது? ஏ.சி.யையா, துடைத்தவர்களையா, அவர்கள் ஆபீஸ் லிஸ்டையா? ஒவ்வொன்றாக மனதுக்குள் திட்டிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

கௌதமைப் போனில் அழைத்து, வருகிற ஞாயிறு வரச் சொன்னேன். எதற்கு என்றான். வா என்றேன்.

மார்ச் 1, ஞாயிறு

வெயில் இப்போதே கொளுத்துகிறது. கௌதம் பத்து மணிக்கு வந்தான். சாப்பிடுவதற்கு முன் அக்காவிடம் சொல், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். அடுப்படிக்குள் போய்ச் சொன்னான். நான் பின்கட்டில் நின்றேன். சுஜாதா கத்தவில்லை. பாத்திரம் ஒன்று விழுந்தது. பிறகு நீண்ட நேரம் அவள் குரல் மட்டும், தணிவாக.

கண் சிவந்து வெளியே வந்தான். பாதி மரம் பழுப்பாக நிற்பதை அப்போதுதான் பார்த்தான். “செத்துடுச்சா மாமா?”

“நகத்தால் கீறிப் பார்” என்றேன். விதி 2 சுவரில் இருக்கிறது. அவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கீறு என்றேன்.

உச்சியில் கீறினான்: காவி நிறம், வறட்சி. நடுத்தண்டில்: அதே. இன்னும் கீழே என்றேன். அடியில், அவன் வெட்டிவிட்டுப் போன அந்த முளைக்குச் சற்றுக் கீழே: ஈரம். பச்சை. உள்ளே இருக்க வேண்டிய பச்சை.

முளையில் மூன்று கொத்தும் உயிரோடு இருக்கின்றன. நடுவில் வெளிறிய ஒரு மொட்டு, எள்ளளவு. முறைப்படி ஒட்ட வெட்டியிருந்தால் தண்டில் கீழே ஓர் இலையும் மிஞ்சியிருக்காது. மரம் முழுதும் போயிருக்கும். கிளையையே வெட்டாமல் விட்டிருந்தால் இன்று அதுவே தலையாகி, இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். இரண்டும் உண்மை. இரண்டையும் அவனிடம் சொன்னேன்.

“அப்ப நான் வெட்னது நல்லதா, கெட்டதா மாமா?”

“தப்பாக வெட்டினாய்” என்றேன்.

உச்சியை அறுத்தெடுக்க வேண்டும். முளையை நிமிர்த்திக் கம்பி கட்ட வேண்டும், புதிய தலையாக. ஒருவர் தொட்டியைப் பிடிக்க, ஒருவர் கட்ட வேண்டிய வேலை. நாளை முதல் எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். அவனுக்கும் ரயில் இல்லை. காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எட்டு ஐந்துக்கு வந்தால் கதவு திறக்க மாட்டேன்.