பின்சுவர்ச் செடியும் மூன்று வருஷ மருந்தும்

அன்புள்ள மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அவளுடைய தும்மலைத் தவிர. நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் அதுவே எங்களுக்கு நிம்மதி. எனக்கு மணிக்கட்டு வீங்கியிருப்பதால் பேனா பிடிக்க முடியவில்லை, வேறொன்றும் இல்லை, பயப்படாதே.

நீ போனில் சொன்னதற்குப் பதில் இது. தும்மலுக்குப் போய் மூன்று வருஷ மருந்தா, பேசாமல் சலவைக்கடை வேலையை விடச் சொல்லுங்கள் என்றாய். விடமாட்டாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் பிடித்துச் செய்கிற முதல் வேலை இது. அவள் இஸ்திரி போட்ட விரிப்பில் ஒரு சுருக்கம் காட்டு பார்ப்போம். சோப்புத்தூள்தான் காரணம் என்று முதலாளியம்மா மூன்று தூள் மாற்றிப் பார்த்தாள், இவள் கண் சிவந்ததுதான் மிச்சம். டாக்டர் இவள் கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஊசிமுனையால் குத்திப் பார்த்தார், ஒன்று மட்டும் கொசு கடித்தது போலத் தடித்தது. கடையின் பின்சுவர் வெடிப்பெல்லாம் ஒரு செடி முளைத்துக் கிடக்கிறதே, அதன் மகரந்தமாம். அந்தச் சுவர்மேல்தான் ஈர விரிப்புகளைப் போட்டுக் காயவைக்கிறார்கள். ஒட்டிக்கொண்டு வந்த பொடியை இவள் தேய்த்துத் தேய்த்துத் தன் மூக்கிலேயே ஏற்றியிருக்கிறாள். மருந்தைத் தினமும் காலையில் நாக்குக்கு அடியில் விட்டு இரண்டு நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. உங்க பொண்ணுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லம்மா என்று டாக்டரே சிரித்தார். பாதியில் நிறுத்தினால் பிரயோஜனம் இல்லையாம், நிறுத்தப் போவதில்லை. முதலாளியம்மா என்னடாவென்றால், செடிய யாரு புடுங்குறது, அவள முன்னால கல்லாவுல உக்காந்து வர்றவங்ககிட்ட பேசச் சொல்லு, இல்லேன்னா வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லு என்கிறாள். ஆள் வந்தாலே கதவுக்குப் பின்னால் போகிற பெண்ணையா? நாளைக்கு நானே போய் நாலு கேள்வி கேட்கிறேன், நீ சமாதானம் பேச வராதே. தலையைத் துவட்டாமல் படுக்காதே. நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அம்மா

அண்ணா, இது அம்மா சொன்னதில்லை, அவளுக்கு வாசித்துக் காட்டும்போது இதை விட்டுவிடுவேன். இன்று மத்தியானம் நானே முதலாளியம்மாவிடம் பேசிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன், நடுவில் நாலு தும்மல் வேறு. விரிப்ப மாடியில கொடி கட்டிக் காயப்போடுங்க, நான் இஸ்திரி மேசைய விட்டு நகர மாட்டேன் என்றேன். காதுல விழல, திருப்பிச் சொல்லு என்றார். சொன்னேன், கடை முழுக்கக் கேட்டது. அவர் கல்லாவில் சில்லறை எண்ணப் போய்விட்டார். அம்மா எனக்காக வர வேண்டாம் என்று விடிந்ததும் சொல்லிவிடுவேன். நாளைக்கும் அந்த மேசையில்தான் நிற்பேன்.