சீழ் பிடிக்காத புண்

ஜூன் 4

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

இங்கே நான் நலம். கப்பல்ல உங்க எஞ்சினும் நலமா ஓடும்னு நம்புறேன். குட்டிக்குத்தான் மறுபடி காய்ச்சல், ஈறெல்லாம் புண். என் பொண்ணுக்குப் புண் வந்தா சீழே பிடிக்காதுன்னு பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே, அதுதான் நோயாம். ரத்தத்துல ஓடுற வெள்ளை அணுக்கள் புண் பக்கம் வந்ததும் குழாய்ச் சுவரைப் பிடிச்சு நின்னு, இறங்கிக் கிருமியோட சண்டை போடணும். பிடிக்கிறதுக்காக அதுங்க மேல ஒரு வகைச் சர்க்கரை ஒட்டியிருக்குமாம். குட்டியோட அணுக்கள்ல அது இல்ல. படை படையா ஓடுது, ஒண்ணும் இறங்கல.

அந்தச் சர்க்கரையையே பொடியாக் கரைச்சுக் கொடுத்துப் பார்க்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. காபியில போடுறது இல்ல, இது வேற. சில பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கு, சிலருக்குக் கேக்கல. சோதனை மருந்துங்கிறதால அப்பா கையெழுத்தும் வேணுமாம். இதோட தாள் வெச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்க.

உங்க வீட்டுக்காரி

ஜூன் 27

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

குட்டிக்கு ஆயிரம் முத்தம். சர்க்கரை குடிச்சா நோய் போகும்னு யாரோ காதுல பூ சுத்தியிருக்காங்க, நீயும் தலையாட்டிட்டு வந்திருக்க. அம்மா, அப்பா ரெண்டு வழியிலயும் வந்தாத்தான் இந்த நோய் வரும்னு தாள்ல போட்டிருக்கு. எங்க வீட்டுல யாருக்கும் அப்படி இல்ல. உங்க அண்ணனுக்குத்தான் சின்ன வயசுல ஓயாத காய்ச்சல்னு எங்கம்மா சொல்றாங்க. நான் கையெழுத்துப் போட்டா எங்க வழியிலயும் நோய் இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நவம்பர்ல வர்றேன், அதுவரை பொறு.

குட்டியின் அப்பா

ஜூலை 15

குட்டியோட அப்பாவுக்கு,

பொறுக்க மாட்டேன். நவம்பர் வரைக்கும் காய்ச்சல் பொறுக்குமா? நேத்து சோதனை மருந்துக்கு அனுமதி கொடுக்கிற ஆஸ்பத்திரிக் குழு முன்னாடி போய் உக்காந்தேன். அப்பா எங்கேன்னு கேட்டாங்க. கௌரவம் பார்த்துக்கிட்டு இருக்காருன்னு சொல்ல வாய் வரல, கடல்ல இருக்காருன்னேன். என் ஒரு கையெழுத்தே போதும்னு சொல்ல வெச்சுட்டுத்தான் எழுந்தேன். நாளைக்கு முதல் வேளை.

குட்டியோட அம்மா

செப்டம்பர் 2

குட்டியோட அப்பாவுக்கு,

நீங்க கையெழுத்துப் போட்ட தாள் வந்துச்சு, கூடவே மன்னிப்பும். ரெண்டுமே தாமதம்.

போன வாரம் அவ கன்னத்துல ஒரு கட்டி. பழுத்து, மஞ்சளாச் சீழ் வெச்சுது. அணுக்கள் நின்னு இறங்க ஆரம்பிச்சிருச்சுன்னு டாக்டரம்மா சொன்னதும் ஆஸ்பத்திரின்னும் பார்க்காம ஓன்னு அழுதுட்டேன். முழுசாக் குணம்னு யாரும் சொல்லல. பொடியை ஒரு வேளை கூட விடக் கூடாது, விடவும் மாட்டேன்.

உங்கம்மா மேல எனக்குக் கோபமில்ல, உங்க மேலதான். பிள்ளை உயிரா, வீட்டுப் பேரான்னு வந்தப்ப நீங்க யோசிச்சீங்க. அதுக்கப்புறம் உங்களோட குடும்பம் நடத்த என்னால முடியாது.

குட்டி தினமும் உங்களைக் கேக்குறா. நவம்பர்ல அவசியம் வாங்க. பொடி கரைக்கச் சொல்லித் தர்றேன், உங்க கையால அவளுக்குக் கொடுங்க. பகல் முழுக்க அவளோட இருங்க, நான் தடுக்க மாட்டேன். ராத்திரி தங்க மட்டும் வேற இடம் பார்த்துக்கோங்க.

குட்டியோட அம்மா