மேலிருந்து பார்ப்பவர்களுக்காக வெட்டிய நிழல்

அன்பு மகள் மஹாராவுக்கு அம்மா எழுதுவது. சலாம். இங்கே மழையும் இருமலுமாக எல்லாரும் சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க இறைவன் அருள் செய்யட்டும். முதலில் நல்ல சேதிகள். உன் அக்கா மகள் ரவ்ஸா மாவட்டக் குர்ஆன் ஓதும் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள், கோப்பை அவள் இடுப்பு உயரம், வைக்க இடமில்லாமல் அரிசி டிரம் மேல் வைத்திருக்கிறோம். அவள் தம்பி ஃபிக்ரி தாகெங்கோன் நகரத்துப் பந்தயத்தில் குதிரை ஓட்டினான், குதிரை முதலில் வந்தது, வழியில் விழுந்த இவன் பின்னாலேயே ஓடி இரண்டாவதாக வந்தான், இரண்டாவது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். உன் தம்பி சபிரினைக் காப்பிக் கூட்டுறவுக்குத் தலைவராக்கியிருக்கிறார்கள். நீ பிரஸ்ஸல்ஸில் தூதரகத்தில் உட்கார்ந்து ஐரோப்பாக்காரர்களிடம் நம் நாட்டுக்காக வாணிபம் பேசுவதைச் சந்தையில் நானாக யாரிடமும் சொல்வதில்லை, அவர்களே கேட்கும்படி பேச்சைத் திருப்பிவிடுவேன், அவ்வளவுதான்.

சபிரின் தலைவரானதும் செய்த முதல் காரியத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். காட்டை அழித்துப் போட்ட காப்பியை இனி ஐரோப்பா வாங்காதாம், ஒவ்வொருவர் தோட்டத்தையும் வானத்திலிருந்து படம் பிடித்துப் பார்ப்பார்களாம், நீயும் போனில் அதையே சொன்னாய். விருந்தாளி வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம், முற்றத்தைப் பெருக்கி வாசலை மறைக்கும் கிளைகளை வெட்டிவிடுவோம். வானத்து வழியாக வருகிற விருந்தாளிக்குத் தோட்டம்தானே முற்றம், லம்தோரோ நிழல் மரங்கள் இப்படி மூடிக்கொண்டு நின்றால் பாவம் அவர்களுக்குக் காப்பிச் செடி எப்படித் தெரியும் என்று சபிரின் கேட்டான், ஊரே ஆமாம் என்றது. முதல் மரம் நம் தோட்டத்து மரமாக இருக்கட்டும் என்று நானே அரிவாளைத் தீட்டிக் கொடுத்தேன். உன் அப்பா மட்டும், அப்படியே மேகத்துக்கும் ஒரு வார்த்த சொல்லி வைடா, படம் எடுக்கறப்ப குறுக்கால வந்துடப் போகுது என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

பிறகு நம் காப்பியை வாங்கும் ஜெர்மனிக் கம்பெனியின் ஆள் ஹென்ரிக் என்பவர், மொழி மாற்றிச் சொல்ல மேதான் நகரத்திலிருந்து ஒரு பெண்ணோடு வந்தார். நம் ஏரி மீனில் புளிக்குழம்பு வைத்தேன், மூக்கில் நீர் ஒழுக ஒழுகச் சாப்பிட்டார், நல்ல மனிதர். கை கழுவிவிட்டு இரண்டு படம் காட்டினார். போன வருடம் நம் மலை கரும்பச்சை, இந்த வருடம் சொட்டைத் தலை, ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்துவிட்டது. இங்கே காடு இருந்திருக்கிறது, வெட்டியிருக்கிறீர்கள் என்றார். சபிரின் பதறிப்போய், ஐயோ அது காடு இல்லீங்க, காப்பிக்குப் பிடிச்ச குடை, நீங்க நல்லாப் பாக்கணும்னுதானே மடக்கினோம் என்றான். அந்தப் பெண் மாற்றிச் சொன்னாள். அவர் மறுபடி சொல்லச் சொன்னார், மறுபடியும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உன் அப்பா சும்மா இருப்பாரா, எங்க தாத்தனைப் பிரம்பால அடிச்சுக் காட்ட வெட்டவெச்சுக் காப்பி நட்டது உங்காளுங்கதானே, அப்ப யாரு படம் புடிச்சா என்று கேட்டார். அது டச்சுக்காரர்கள், நான் ஜெர்மனி என்றார் அவர். அப்ப சரி, இப்ப காட்ட வெட்டறவங்களும் பக்கத்து மாவட்டம், நாங்க இல்ல என்றார் உன் அப்பா.

இப்போது ஊர் அறுவடை மொத்தமும் கிடங்கில் கிடக்கிறது. அது காடா நிழலா என்று அங்கே நீயும் ஐரோப்பாக்காரர்களும் உட்காரும் கூட்டத்தில் முடிவாகும் வரை ஒரு மூட்டையும் நகராது, வேண்டாம் என்றுவிட்டால் பாதி ஊர் கூலிக்கு மலேசியா போக வேண்டியதுதான். சபிரின் காப்பிக் கடைப் பக்கமே போவதில்லை, போனால் வாங்க தலைவரே, வெயில் நல்லா விழுதா என்கிறார்களாம். பக்கத்து வீட்டுச் சுக்ரியின் அம்மா என்னிடமே, உங்க மக நாட்டுக்கே பேசறாளாமே அக்கா, நாலு மரத்துக்கும் சேத்துப் பேசச் சொல்லுங்க என்றாள். குத்தல்தான், ஆனாலும் நீ நாட்டுக்கே பேசுகிறாய் என்று அவள் வாயால் வந்ததே.

ஹென்ரிக் கிளம்பும்போது நம் தோட்டத்தில் வெட்டிய அடிமரத்தின் முன் குனிந்து உட்கார்ந்தார். அதில் விரல் நீளத்துக்குத் தளிர் விட்டிருந்தது, தொட்டுப் பார்த்தார். மரம் மறுபடி துளிர்ப்பது மேலிருந்து தெரியாது, அவரவர் மரத்தின் பக்கத்தில் நின்று கீழிருந்து படம் எடுத்து அனுப்புங்கள், நான் அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். ஊரே வரிசையில் நின்றது. நான் பூவேலைத் துணி போர்த்திக்கொண்டு நின்றேன், சிரிக்கக் கூடாது என்றார்கள், அதனால் கொஞ்சம் கோபமாகத் தெரிவேன். தம்பிக்காகச் சலுகை கேட்காதே, உள்ளதை உள்ளபடி சொல். ஆனால் என் படம் வரும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடாமல் பக்கத்துத் தளிரைப் பெரிதாக்கி அந்தப் பெரியவர்களுக்குக் காட்டு.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, கூட்டத்தில் குரலை உயர்த்தாதே, அவர்கள் உயர்த்தினால் மட்டும் உயர்த்து. இறைவன் உன் நாவில் துணையிருக்கட்டும். அங்கே இருப்பவர்கள் என் தோட்டத்து மரத்தைக்கூட வானத்திலிருந்து பார்த்துவிட்டார்கள், இனி என் முகத்தையும் பார்ப்பார்கள், நான் பெற்ற பெண்ணை நான்தான் பார்க்க முடியவில்லை. ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. கிட்டே நின்று எடுக்கச் சொல், இளைத்திருந்தால் கோட்டால் மறைக்காதே.

உன் அம்மா,
ஜெமீலா