சந்தனம் அடைத்த பற்கள்

அக். 6, திங்கள்
காலையிலிருந்து தூறல். பெங்களூர் பொம்மசந்திரா முழுக்கச் சேறு. எங்கள் கம்பெனி மழைக்கோட்டு தயாரிக்கிறது. நனைந்துதான் வந்தேன்.

புது வேலை: இதயத் துடிப்பைப் பதியும் நைலான் பனியன். வெள்ளி பூசிய துணிப் பட்டைகள்தான் அதில் மின்கம்பி. ஊசி, நூல் கிடையாது. மேலே ஓர் உலோகத் தலை, கீழே பொடிப் பற்கள் உள்ள தட்டு, நடுவில் துணி. தலை அதிர, பல் பட்ட இடத்தில் துணி உருகி ஒட்டிக்கொள்ளும். அதிர்வு காதுக்குக் கேட்காது என்கிறது கேட்டலாக். கொசு மாதிரி கீச்சிடுகிறது.

மெஷினில் புஷ்பா. அத்திபெலேயிலிருந்து வருகிறாள். மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட். இந்தச் சனிக்கிழமை முடிகிறது. ஆறு சாம்பிள் பனியனும் துவைத்த பிறகு மின்சாரம் கடத்தினால் பர்மனென்ட் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். கடத்தாவிட்டால்? அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

இன்றைய சோதனைத் துண்டில் மின்தடை: இரண்டு ஓம், நல்ல அளவு. துவைத்த பின்னும் இரண்டு. டெஸ்டிங் ஆள் என்ற முறையில் நான் கையெழுத்து.
வீட்டுக்கு: பால், கொசுவத்தி. கேஸ் புக் பண்ண.

அக். 7, செவ்வாய்
ஆயுத பூஜை. நாளையும் மறுநாளும் லீவு என்பதால் இன்றே. பழைய தையல் மெஷின்களுக்குத் தலா ஒரு பொட்டு. புது மெஷினுக்கு, விலைக்கேற்ற மரியாதை: தலை, தட்டு, பெடல் எங்கும் முதலாளி கையாலேயே சந்தனம், குங்குமம்.
"யாரும் தொடைக்கக் கூடாது. தானா உதிரணும். கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?"
பொரி, கடலை, லட்டு. என் லட்டு உடைந்தது.

அக். 10, வெள்ளி
வெயில். மதியத்துக்குள் ஆறு பனியனும் முடிந்தன. ஒவ்வொரு அழுத்தலுக்கும் சந்தன வாசனை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பூஜை முடிந்த கம்பெனி அப்படித்தான் மணக்கும்.

மீட்டரில் மூன்று ஓம். பரவாயில்லை. துவைத்தோம். நான்கு பனியன்களில் பட்டை வால் மாதிரி தொங்கியது. மீட்டர் எண்ணே காட்டவில்லை.

முதலாளி: "பெடல்ல கால வெச்சதும் எடுத்துட்டிருப்பா. இவ சீட்டைக் கிழிச்சுட்டு வேற ஆளப் பாருங்க."
புஷ்பா: "காலுதான் சார் என்னுது. எத்தனை நேரம் அதிரணும்னு டைமர்தான் முடிவு பண்ணுது."
"உன் வாயைத்தான் மொதல்ல வெல்டிங் பண்ணணும்."

சாயங்காலம் பல்குத்தும் குச்சியால் தட்டைச் சுரண்டினேன். பற்களுக்கு நடுவே சந்தனம் இறுகி, தட்டே மொழுமொழுவென்று. பல் பதியாவிட்டால் துணி மேலாக ஒட்டும், துவைத்தால் விட்டுவிடும்.
புஷ்பா: "காலையிலயே தொடைக்கத் துணி எடுத்தேன் சார். அவரு பாத்த பார்வை இருக்கே! கீழ போட்டுட்டேன்."

அக். 11, சனி
ரிப்போர்ட் எழுதினேன். பழுது: பற்களில் அடைப்பு. அடைத்தது: சந்தனம். ஆபரேட்டர் தவறு: இல்லை. 'பூசியவர்' என்று படிவத்தில் கட்டம் இல்லை. நானும் போடவில்லை.

முதலாளி இரண்டு முறை படித்தார். "சந்தனம்னு எதுக்குப்பா? தூசின்னு போடு."
"தூசின்னா மெஷினச் சுத்தமா வெச்சுக்கலைன்னு புஷ்பா மேல வரும் சார்."

முதலாளி எழுந்து மெஷினிடம் போனார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து அவரே தேய்த்தார்.

புஷ்பா மறுபடி ஆறு. துவைப்பு. ஆறிலும் இரண்டு ஓம்.

முதலாளிக்குச் சந்தோஷம். பர்மனென்ட் ஆர்டர் மட்டும், "திங்கக்கெழம பாப்போம்மா. சனிக்கெழம நல்ல காரியம் வேணாம்."
புஷ்பா நகரவில்லை. "நல்ல நாள் பாத்துதான சார் சந்தனம் வெச்சீங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். பேனா கேட்டார். கொடுத்தேன்.